அந்த இருபது விநாடி யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில், விடுப்பில் சென்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக ஒரு கோடைக்காலம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குத் தவறாமல் வரும் இளைஞர் ஒருவர் இருந்தார். மின்பணியாளர், வயது முப்பதைத் தொடவில்லை. ஞாயிறன்று அவரைக் காண முடிவதில்லையே என்று ஒருநாள் கேட்டோம். ஞாயிறு விடியலில் மிதிவண்டிப் பந்தயம் இருப்பதால் முன்மாலையிலேயே கடமையை நிறைவேற்றிக் கொள்வதாகச் சற்று வெட்கத்துடன் கூறினார்.

அந்நாட்டில் இப்பந்தயம் நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பொதுச்சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதை மிதிவண்டியாளர் சங்கமே தடை செய்தது. ஆர்வலர்கள் வேறு வழி கண்டனர். விடியற்காலையில், ஆளரவம் குறைந்த சாலையில், ஒரு நிமிட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவது என்ற முறை அவ்வாறு பிறந்தது. தூரம் பெரும்பாலும் 10 மைல் அல்லது 25 மைல். கடையில் வேலை செய்பவரும் பள்ளியில் கற்பிப்பவரும் ஓய்வு பெற்ற முதியவரும் இதில் ஓட்டுகின்றனர். சென்ற மாதத்துத் தம் நேரத்தைத் தாமே வெல்வதுதான் அவர்களில் பலருக்குப் பரிசு.

பந்தயத்திற்கு முன் இவர்கள் ஏதேனும் ஒன்றை உட்கொள்ளாமல் வண்டி ஏறுவது அரிது. ஒருவருக்குக் கடுங்காப்பி. வேறொருவருக்குப் பீட்ரூட் சாறு. இன்னொருவர் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவையனைத்தும் விதிகளால் அனுமதிக்கப்பட்டவையே.

நம் இளைஞரின் குழுவிற்கு வயது முதிர்ந்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். ஒரு கோடையில் அவர் இளைஞருக்கு மூன்று வாரங்கள் தொடர்ந்து, பந்தயத்திற்கு அரைமணி முன்னதாக இரண்டு குளிகைகள் கொடுத்தார். புதிதாக வந்துள்ள செறிவூட்டிய காபீன் என்றும், முழுக்க முழுக்கச் சட்டத்திற்கு உட்பட்டது என்றும் சொல்லிக் கொடுத்தார். இளைஞர் 10 மைல் தூரத்தைத் தம் வழக்கமான நேரத்தைவிட ஏறக்குறைய இருபது விநாடி குறைவாகக் கடந்தார். நான்காம் வாரம், பந்தயம் முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, அக்குளிகைகளில் கோதுமை மாவைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பயிற்சியாளர் சிரித்தபடி வெளிப்படுத்தினார். எல்லாரும் நகைத்தனர், இளைஞரும் நகைத்தார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் அவருடைய நேரம் குளிகைக்கு முன்பிருந்ததைவிடவும் மோசமாயிற்று.

இதைச் சொல்லிவிட்டு, "ஃபாதர், அவர் செய்தது சரியா?" என்று கேட்டார். குருமடத்தில் கற்ற பாடம் நம் நாவில் ஆயத்தமாக இருந்தது. பொய்யைக் கேடு விளைவிப்பது, வேடிக்கைக்கு உரியது, பிறர்க்கு உதவுவது என்று மூவகையாக்குகிறார் புனித அக்குவினாஸ் தோமையார். மூன்றுமே பாவந்தான், எனினும் பின்னவை இரண்டும் தம்மளவில் சாவான பாவம் ஆகா. ஆகவே, "அது உதவிப் பொய், தவறுதான், ஆனால் சிறியது. அவரை மன்னித்து விடுங்கள்" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அவரை அன்றே மன்னித்துவிட்டேன், ஃபாதர். நான் கேட்க வந்தது வேறு. அந்த இருபது விநாடி யாருடையது?" என்றார்.

அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அடுத்த வாரமே நாடு திரும்பினோம். கேள்வியோ நம்முடனேயே வந்துவிட்டது.

சட்டம் வரையும் கோடு

இக்கேள்விக்குச் சட்டம் விடை தருமா என்று முதலில் பார்ப்போம். காபீன் என்னும் பொருள் நீண்ட காலம் ஒலிம்பிக் விதிகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் காணப்பட்டால் குற்றம். 2004 சனவரி முதல் நாள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிற்று. டிராமடால் என்னும் வலிநீக்கிக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அதை 2019 மார்ச்சு மாதத்தில் தடை செய்தது. உலக அமைப்பு 2024 சனவரியில் தடை செய்தது. ஒரே பொருள் ஓராண்டு குற்றமாகவும் மறு ஆண்டு குற்றமற்றதாகவும் ஆகலாம் என்பது இதனால் தெளிவு.

சட்டத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அந்தக் கோடு தேவை. 1967 சூலை 13 அன்று, பிரான்சு நாட்டின் வெந்தூ மலைச்சரிவில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற மிதிவண்டி வீரர் டாம் சிம்சன் தம் 29ஆம் வயதில் சரிந்து விழுந்து மாண்டார். வெயிலும் களைப்பும், உட்கொண்டிருந்த ஆம்பிட்டமினும் மதுவும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. அவர் தொழில்முறை வீரர். நம் இளைஞரைப் போன்றவர் அல்லர். ஆயினும் 'ஏதேனும் ஒன்றை உட்கொள்ளாமல் என்னால் முடியாது' என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவான படிக்கட்டு என்பதை மறுக்க இயலாது. காப்பியிலிருந்து குளிகைக்கும் குளிகையிலிருந்து ஊசிக்கும் அது ஏறிச்செல்லக் கூடும்.

சட்டம் குளிகைக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்கிறது. நம் இளைஞரின் குளிகைக்குள் ஒன்றுமே இல்லை. எச்சோதனையிலும் அது தேறும். அவருக்கு நேர்ந்த காயம் குளிகைக்கு வெளியே, அதைக் கொடுத்தபோது சொல்லப்பட்ட சொல்லில் இருந்தது. சட்டத்தின் கண் எட்டாத இடம் அது.

வெற்றுக் குளிகையின் வலிமை

அனுமதிக்கப்பட்டவை எல்லாம் வெறும் மாயை என்று எண்ணிவிடலாகாது. காபீன் உண்மையாகவே களைப்புணர்வைக் குறைக்கிறது. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை நம் வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றித் தர, அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கிக் கொள்கிறது. அதே உழைப்புக்குத் தேவைப்படும் ஆக்சிசன் இதனால் குறைவதை எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். கிருமிநாசினி கொண்டு வாய் கொப்பளித்தால் அந்நுண்ணுயிர்கள் மடிந்து பயன் குன்றிவிடும்! சமையல் சோடா இரத்தத்தின் அமிலத்தை ஈடுசெய்ய உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் உடலியல் அடிப்படை உண்டு.

வியப்பு எங்கே தொடங்குகிறதெனில், இவை எதுவும் இல்லாதபோதும் இவை இருப்பதாக நம்பியவர்க்குப் பயன் கிட்டுவதில்தான். கிறித்தோபர் பீடி என்பவரும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேர்ந்த மிதிவண்டியாளர் அறுவரை அவர்கள் 10 கி.மீ. தூரத்தைக் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டச் செய்தனர். ஒருமுறை வெற்றுக் குளிகை என்றும், ஒருமுறை உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி. காபீன் என்றும், ஒருமுறை 9 மி.கி. காபீன் என்றும் சொல்லிக் கொடுத்தனர். உண்மையில் எல்லாமே வெற்றுக் குளிகைகள். காபீன் என்று நம்பியபோது அவர்கள் மிதித்த ஆற்றல், தொடக்க நிலையைவிடச் சிறிய அளவுக்கு 1.3 விழுக்காடும் பெரிய அளவுக்கு 3.1 விழுக்காடும் உயர்ந்தது. இல்லாத மருந்து அளவுக்கேற்ப வேலை செய்தது! வெற்றுக் குளிகை என்று நம்பிய நாளிலோ 1.4 விழுக்காடு குறைந்தது.

இவ்வெண்களைச் சிறியவை என்று ஒதுக்கலாகாது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை மிக விரைவாகப் பெருகுவதால், மூன்று விழுக்காடு கூடுதல் ஆற்றல் தருவது ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடுதல் வேகமே. 25 நிமிடத்தில் 10 மைல் ஓட்டுபவர்க்கு அது சுமார் 15 விநாடி. நம் இளைஞரின் இருபது விநாடி இதற்கு வெகு தொலைவில் இல்லை.

2000ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் 43 மிதிவண்டியாளர்கள் 40 கி.மீ. ஓட்டினர். மாவுச்சத்துப் பானம் என்று சொல்லப்பட்டவர்களின் ஆற்றல் 4.3 விழுக்காடு உயர்ந்தது. சத்தற்ற பானம் என்று சொல்லப்பட்டவர்கள் 0.5 விழுக்காடே உயர்ந்தனர். எது என்று சொல்லப்படாமல் ஐயத்தில் விடப்பட்டவர்களோ 1.1 விழுக்காடு தாழ்ந்தனர். ஐயத்தில் இருப்பவன் ஒன்றுமில்லை என்று அறிந்தவனைவிடவும் தளர்ந்து போனான் என்பது, மனிதரோடு பழகும் பணியில் இருக்கும் நம்மை வெகுவாகச் சிந்திக்க வைக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது? களைப்பு என்பது தசையில் மட்டும் உண்டாவதன்று. இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு வலி, எவ்வளவு கையிருப்பு என்று மூளை ஓயாது கணக்கிட்டுக் கொண்டே இருக்கிறது. எச்சரிக்கையுள்ள கணக்கரைப் போல எப்போதும் ஓரளவைக் கையிருப்பில் வைத்துக் கொள்கிறது. உதவி வருகிறது என்று நம்பினால் சற்றே தாராளமாகச் செலவிடுகிறது. நம்பிக்கை புதிய தசையை உண்டாக்குவதில்லை; உள்ளிருந்த கையிருப்பின் பூட்டைச் சிறிது தளர்த்துகிறது. பயிற்சியற்றவனை எந்த நம்பிக்கையும் வீரனாக்காது.

சொல் நடந்து வந்த வழி

வெற்று மருந்தை மேலைநாட்டார் 'பிளசீபோ' என்பர். இச்சொல் நம் செபநூலிலிருந்தே மருத்துவத்துக்குச் சென்றது என்பதைப் பலர் அறியார். இலத்தீன் விவிலியத்தில் 114ஆம் சங்கீதமாகவும் எபிரேய எண்ணிக்கையில் 116ஆம் சங்கீதமாகவும் உள்ள பாடலில் வரும் சொல் அது. 'உவப்பளிப்பேன்' என்பது பொருள். எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் உள்ளதோ 'நடப்பேன்' என்னும் சொல். கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே இலத்தீனில் அது 'உவப்பளிப்பேன்' ஆயிற்று. இறந்தோர்க்கான மாலைச் செபம் இச்சொல்லோடு தொடங்கியதால் அச்செபத்திற்கே 'பிளசீபோ' என்று பெயர் வழங்கிற்று.

இடைக்காலத்தில், இறந்தவரோடு எவ்வித உறவும் இல்லாதவர்கள் உணவுக்காகவும் காசுக்காகவும் வந்து அச்செபத்தைப் பாடினர். கூலிக்கு மாரடிப்பவர் என்று நாம் சொல்வதைப் போன்றவர்கள். அதனால் 'பிளசீபோ பாடுதல்' என்பது முகத்துதி செய்வதைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதையொன்றில் தலையாட்டும் ஆலோசகன் ஒருவனுக்கு அதையே பெயராக இட்டார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள், நோயாளியைக் குணமாக்குவதற்கன்றி அவர் மனம் உவக்கக் கொடுக்கும் மருந்துக்கு இச்சொல்லை எடுத்துக் கொண்டனர்.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கை உள்ளது. கடவுளுக்கு முன் உவந்து வாழ்வதைக் குறித்த சொல், மனிதரை உவக்கச் செய்து ஏதோ ஒன்றைப் பெறுவதைக் குறிப்பதாக இறங்கிவிட்டது. செபம் அதேதான், பாடியவரின் உள்ளம் மாறியதால் சொல்லும் தாழ்ந்தது.

பொய் தேவைதானா?

பயிற்சியாளருக்காகப் பேச வேண்டியதையும் பேசுவோம். "உன்னிடம் ஆற்றல் உள்ளது என்று நூறு முறை சொன்னேன்; அவன் நம்பவில்லை. குளிகையை நம்பினான். அவனுக்கு நன்மையே விளைந்தது" என்று அவர் சொல்லக்கூடும். இதில் உண்மை இல்லாமலில்லை. தன்னைவிடத் தன் கையிலுள்ள பொருளை நம்புவது மனித இயல்பு.

எனினும் ஆய்வில் பொய்யுரைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆய்வுக்கு வருபவர் ஆய்வு என்று அறிந்தே வருகிறார். நெறிக்குழு ஒன்று முன்னதாகவே எல்லாவற்றையும் பரிசீலிக்கிறது. முடிவில் உண்மை முறையாக எடுத்துரைக்கப்படுகிறது. நம் இளைஞருக்கோ உண்மை, தேநீர் மேசையில் நகைச்சுவையாகப் பரிமாறப்பட்டது.

இதைவிட முக்கியமான விடை ஒன்றும் உண்டு. 2010இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டெட் காப்சக் குழுவினர், குடல் எரிச்சல் நோயால் துன்புற்ற 80 பேரிடையே ஓர் ஆய்வை நடத்தி வெளியிட்டனர். ஒரு பிரிவினரிடம், 'இதில் மருந்து ஏதும் இல்லை. ஆயினும் இத்தகைய மாத்திரை உடல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளத் துணை செய்வதுண்டு' என்று வெளிப்படையாகவே விளக்கிக் கொடுத்தனர். மாத்திரை பெறாதவர்களைவிட அவர்கள் கூடுதலாக நலம் கண்டனர். 2019இல் பிரேசில் நாட்டில், பயிற்சி பெற்ற 28 பெண் மிதிவண்டியாளர்களிடம் இதே முறை சோதிக்கப்பட்டது. வெற்றுக் குளிகை என்று அறிந்தே விழுங்கியபின் ஒரு கி.மீ. தூரத்தை அவர்கள் முன்னிலும் விரைவாகக் கடந்தனர். இவை சிறிய ஆய்வுகள். இவற்றின்மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் பொய் இன்றியமையாதது என்ற வாதத்தை அசைக்க இவையே போதும். துணை நின்றது பொய்யன்று. ஒருவர் அக்கறையோடு அமர்ந்து விளக்கியதும், கையில் ஒன்றைக் கொடுத்ததும், எதிர்நோக்கை ஊட்டியதுமே என்று நாம் கருதுகிறோம்.

புனித அகுஸ்தீனார் பொய்யைப்பற்றி இரு தனி நூல்கள் எழுதியவர். எத்துணை நன்மைக்காகவும் பொய் கூடாது என்ற அவரது கடுமை, இளமையில் நமக்கு மிகையாகத் தோன்றியதுண்டு. இளைஞரின் நிகழ்ச்சிக்குப் பின் அதை வேறு கோணத்தில் காண்கிறோம். பொய் வேலை செய்வது, அதைச் சொல்பவர் பொதுவாக உண்மை பேசுபவர் என்று கேட்பவர் நம்புவதால்தான். பல ஆண்டு உண்மை சேர்த்து வைத்த முதலை எடுத்தே பொய் செலவு செய்கிறது. அப்பயிற்சியாளர் இனி, "உன்னால் முடியும்" என்று மெய்யாகவே சொல்லும்போது, இளைஞரின் காதில் அதுவும் மாவுக் குளிகையாகவே ஒலிக்கும்.

இங்கே ஒரு கேள்வியை நாமே நம்மை நோக்கி எழுப்பாமல் தப்பிச் செல்வது நேர்மையாகாது. இத்தாலியின் கோமோ ஏரிக்கு மேலே கிசல்லோ குன்றில் அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரர்கள் அங்கே நின்று செபிக்கின்றனர். அதுவும் ஒரு வெற்றுக் குளிகைதானோ? செபித்தவரின் உள்ளம் அமைதியுற்று அவர் நன்றாக ஓட்டுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாலயச் சுவரில் பெரும் வெற்றியாளர்களின் வண்டிகளோடு இன்னொரு வண்டியும் இருக்கிறது. 1995 சூலை 18 அன்று பிரான்சு சுற்றுப் பந்தயத்தில், பிரனீசு மலை இறக்கத்தில் விழுந்து இறந்த பாபியோ காசர்தெல்லி ஓட்டிய வண்டி அது. அவர் அப்பகுதியிலேயே பிறந்தவர். வேகத்தை விற்கும் கடையில் அவ்வண்டியை வைக்கமாட்டார்கள். செபம் இருபது விநாடியை வாக்களிப்பதில்லை. வென்றவனையும் விழுந்தவனையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொள்கிறது. விநாடிக்காகச் செபிக்குமாறு நாம் யாருக்கேனும் கற்பித்தோமாயின், கூலிக்குப் பாடியவர்களின் வரிசையில் நாமும் நிற்கிறோம்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். குளிகை மாவு, அதற்கு அந்த விநாடிகளில் பங்கில்லை. மிதித்த கால் அவருடையது, மூச்சு அவருடையது, கையிருப்பும் அவருடையது. ஆகவே அந்த இருபது விநாடியும் அவருடையதே. பயிற்சியாளர்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை, பூட்டைத் தளர்த்திய சாவி. அந்த நம்பிக்கையும் அவருடையதே. பொய் செய்த தீங்கு, இல்லாத மருந்தை இருப்பதாகச் சொன்னதோடு முடியவில்லை. அவருக்குச் சொந்தமானதை மாவின் பெயரில் எழுதி வைத்தது. மாவு என்று தெரிந்ததும் தம் சொத்தே போயிற்றென்று அவர் எண்ணிவிட்டார்.

நம் தவற்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். வெற்றுக் குளிகை என்று சொல்லப்பட்ட நாளில் அந்த அறுவரின் ஆற்றல் குறைந்ததே, அதற்கு ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. உண்மையும் சொல்லப்படும் விதத்தால் மனிதரைத் தளரச் செய்யும். பயிற்சியாளர் உண்மையை வேடிக்கையாகச் சொன்னார். நாம் தீர்ப்பாகச் சொன்னோம். 'சிறிய பாவம், மன்னித்து விடுங்கள்' என்ற நம் விடையில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் எதிரே நின்றவர் எதை இழந்து நிற்கிறார் என்று நாம் கேட்கவேயில்லை.

மருத்துவமனைக் கட்டிலின் அருகில் நிற்கும் உறவினர்க்கும், தேர்வுக்குச் செல்லும் மாணவனை அனுப்பும் ஆசிரியர்க்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நம்மைப் போன்றோர்க்கும் இது பொருந்தும். நம் சொல்லை நம்பி ஒருவர் வண்டி ஏறுகிறார். அவருக்கு இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதைக் கண்டு, அதை அவர் நம்பும்வரை பொறுமையோடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குளிகை கொடுப்பதைவிட நீண்ட காலம் பிடிக்கும்.

அந்த இளைஞர்க்குக் கடிதம் ஒன்று எழுதியுள்ளோம். அந்த இருபது விநாடியும் தங்களுடையதே என்பதோடு அதைத் தொடங்கியிருக்கிறோம். காலந்தாழ்ந்த விடைதான். அடுத்த கோடையிலேனும், விடியற்காலைச் சாலையில், கையில் காப்பிக் கோப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தம் சொந்தக் கால்களை நம்பி அவர் புறப்படுவாராக.